மாதவிடாய் நிற்கிற வயதில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி?

மெனோபாஸ் என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் வரையறை ரொம்ப எளியது. கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் முழுதாகக் கழிந்து, இடையில் ரத்தப்போக்கே இல்லை என்றால் மெனோபாஸ் ஆகிவிட்டது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாட்டுப் பெண்களுக்கு 51 வாக்கில். பிள்ளை பிளஸ் டூ எழுதப்போகும் வருடத்திலோ, மாமியாரை மாதா மாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிற காலத்திலோ நம் ஊர்ப் பெண்களுக்கு இது வந்து சேர்கிறது. வீட்டில் எல்லாருடைய மாத்திரையும் எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்தவர், தன் உடம்பில் நடப்பதை மட்டும் "டென்ஷன்" என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்.

உண்மையில் சிரமம் அந்த 12 மாதத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு நாலைந்து ஆண்டுகள் முன்னாலிருந்தே சுழற்சி தடுமாறும். ஒரு மாதம் 22 நாளில் வரும், அடுத்தது 50 நாள் தள்ளிப் போகும், அப்புறம் ஒரு மாதம் விடாமல் போகும். இந்த இடைக்காலத்துக்குப் பெரிமெனோபாஸ் என்று பெயர். "எனக்கு இன்னும் பீரியட்ஸ் வந்துகொண்டுதானே இருக்கிறது, இது மெனோபாஸாக இருக்காது" என்று பலர் நினைப்பது இங்கேதான். தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், மறதி, மூட்டு வலி, படபடப்பு எல்லாம் மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே தலைகாட்டலாம்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால் அது வேறு விஷயம். "சீக்கிரமே விடுதலை கிடைத்துவிட்டது" என்று சந்தோஷப்படாமல் மகப்பேறு மருத்துவரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காரணம் என்ன என்று கண்டுபிடிப்பது ஒருபுறம் இருக்க, அவ்வளவு இளவயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இல்லாமல் போனால் எலும்பும் இதயமும் பல ஆண்டுகள் அதிகமாக அடி வாங்கும்.

உள்ளே என்ன நடக்கிறது?

சினைப்பையில் இருக்கும் முட்டைகள் பிறக்கும்போதே எண்ணி வைக்கப்பட்டவை. புதிதாக உருவாவதில்லை. அவை குறையக் குறைய, அவற்றைச் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டிரோனும் குறைகின்றன. சீராக இறங்கினால்கூடப் பரவாயில்லை. இடைக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் விழும். அந்த ஆட்டம்தான் உடம்பை அதிகம் படுத்துகிறது. 45 வயதுக்கு மேல் இந்த அறிகுறிகளோடு ஒருவர் வந்தால், அதை உறுதிசெய்ய ஹார்மோன் ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவையில்லை. ஹார்மோன் அளவே நாளுக்கு நாள் மாறுவதால் ஒரு தடவை எடுத்த பரிசோதனை பெரிதாக எதையும் சொல்லிவிடாது. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்ப்பதற்கு அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.

இதை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். தைராய்டு குறைபாடும் ரத்தசோகையும் மெனோபாஸ் மாதிரியே வேஷம் போடும். சோர்வு, முடி உதிர்வு, எடை கூடுவது, மனம் சோர்ந்துபோவது, படபடப்பு எல்லாம் அவற்றிலும் உண்டு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. இடைக்காலத்தில் ரத்தப்போக்கு அதிகமாகும் பெண்ணுக்கு அது இன்னும் மோசமாகும். "வயசாகுது, அப்படித்தான் இருக்கும்" என்று பத்து வருடம் இழுத்துக்கொண்டு போன களைப்பு, ஒரு ரத்தப் பரிசோதனையிலும் மூன்று மாத இரும்புச்சத்து மாத்திரையிலும் தீர்ந்துபோவது புதிதல்ல.

குப்பென்று கிளம்பும் சூடு

ஹாட் ஃப்ளாஷ் எல்லாருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று சூடு ஏறும், வேர்த்து ஊற்றும், சில நிமிடத்தில் அடங்கி லேசாகக் குளிரும். ராத்திரியில் வந்தால் நைட்டி, தலையணை உறை எல்லாம் நனைந்துவிடும்.

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அங்குள்ள சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் தூண்டப்படுகின்றன. அறை கொஞ்சம் சூடானாலே முழு வேகத்தில் ஓடத் தொடங்கும் ஏசி மாதிரி, உடம்பு வெப்பம் துளி கூடினாலும் "உடனே குளிர்வி" என்று உத்தரவு போகிறது. ரத்தக்குழாய்கள் விரிகின்றன, வேர்க்கிறது. வெளியே வெயில் இல்லாமலேயே இது நடக்கும். மே மாதச் சென்னையில், எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாத சமையலறையில், தோசைக்கல் முன்னால் நிற்கும்போது நடந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் மற்றவர்களும் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

எவ்வளவு நாள் நீடிக்கும்? ஆறு மாதம், ஒரு வருடம் என்று சொல்லி அனுப்புவது வழக்கம். அமெரிக்காவில் பல்லாண்டு நடந்த ஸ்வான் என்ற ஆய்வில், அடிக்கடி ஹாட் ஃப்ளாஷ் வந்த பெண்களுக்கு அது நடுமதிப்பாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆகவே "பல்லைக் கடித்துக்கொண்டு இரு, போய்விடும்" என்பது அவ்வளவு நியாயமான அறிவுரை இல்லை.

நம் ஊரில் இதற்கு வைக்கும் பெயர் "உடம்புச் சூடு". இளநீர், நீர்மோர், ஊறவைத்த வெந்தயம், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் என்று வைத்தியமும் தயாராக இருக்கும். இவற்றில் கெடுதல் ஒன்றுமில்லை, உடம்புக்கு இதமாகவும் இருக்கும். ஆனால் இது மூளையிலிருந்து கிளம்பும் கோளாறு. குளிர்ச்சியான உணவு அதை நிறுத்துவதில்லை.

அதே கறாரை மற்ற அறிவுரைகளிடமும் காட்ட வேண்டும். பருத்தித் துணி அணியுங்கள், காரம் குறையுங்கள், காபியை விடுங்கள், யோகா செய்யுங்கள், நடங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். வட அமெரிக்காவின் மெனோபாஸ் மருத்துவச் சங்கம் 2023இல் ஹார்மோன் அல்லாத வழிகளையெல்லாம் சலித்துப் பார்த்தது. உடற்பயிற்சி, யோகா, குளிர்விக்கும் உத்திகள், தூண்டும் பொருட்களைத் தவிர்ப்பது ஆகியவை ஹாட் ஃப்ளாஷைக் குறைக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. ஆதாரம் இருந்தவை கொஞ்சம்தான்: சிந்தனையையும் பழக்கத்தையும் மாற்றிப் பயிற்றும் சிபிடி என்ற மனநலச் சிகிச்சை, மருத்துவ ஹிப்னாஸிஸ், கூடுதல் எடையைக் குறைப்பது, அப்புறம் சில மாத்திரைகள்.

அதற்காகப் பருத்திப் புடவையைத் தூக்கிப்போட வேண்டாம். நைலான் நைட்டியில் வேர்த்துப் புழுங்குவதைவிடப் பருத்தியில் வேர்ப்பது மேல். படுக்கைப் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், மாற்றுத் துணி, தனி ஃபேன் எல்லாம் அந்த ராத்திரியைத் தாண்ட உதவும். காபி குடித்தால் வருகிறது என்று உங்கள் உடம்பே சொன்னால் குறைத்துப் பாருங்கள். இவையெல்லாம் சமாளிப்பு. பலன் தராதபோது "நான் சரியாகச் செய்யவில்லை போல" என்று உங்களையே குறை சொல்லிக்கொள்ளாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அப்படியானால் உடற்பயிற்சியும் சாப்பாடும் எதற்கு? மெனோபாஸுக்குப் பிறகு இன்னும் 30 ஆண்டுகள் வாழ்வதற்கு. ஹாட் ஃப்ளாஷ் எப்படியும் ஒருநாள் அடங்கும். எலும்பும் தசையும் ரத்தக்குழாயும் சத்தமில்லாமல் மாறிக்கொண்டிருக்கும், அவற்றுக்கு அறிகுறி கிடையாது.

எலும்பும் தசையும்

எலும்பு உடம்புக்குள் எப்போதும் கரைந்து, மறுபடி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கரைப்பதை ஈஸ்ட்ரோஜன் அடக்கி வைத்திருந்தது. அது போனதும் கரைவது மிஞ்சிவிடுகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரை போய்விடலாம். வலிக்காது. பாத்ரூமில் வழுக்கிக் கையை ஊன்றும்போது மணிக்கட்டு உடையும், அல்லது எழுபதில் இடுப்பெலும்பு முறியும். அப்போதுதான் தெரியும். பாட்டிக்குக் கூன் விழுந்ததை நாம் வயதின் அடையாளமாக எடுத்துக்கொண்டோம். பல பாட்டிகளுக்கு அது முதுகெலும்பின் கட்டைகள் ஒவ்வொன்றாக நசுங்கியதால் வந்தது.

எலும்புக்கு வேண்டியது பாரம். நடை நல்லதுதான், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் ரொம்ப நல்லது. ஆனால் பூங்காவில் தோழிகளோடு பேசிக்கொண்டே போகிற மெதுநடை மட்டும் எலும்பைப் பெரிதாக அசைக்காது. நீச்சலும் சைக்கிளும் இன்னும் குறைவு, உடம்பின் எடையைத் தண்ணீரும் சீட்டும் தாங்கிக்கொள்கின்றன. ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர் என்று ஓர் ஆய்வு நடத்தி 2018இல் வெளியிட்டார்கள். எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள். ஒரு குழு வாரம் இரண்டு தடவை, அரை மணி நேரம், பயிற்சியாளர் கண்காணிப்பில் கனமான எடை தூக்கியது, கொஞ்சம் குதித்தது. மற்றது வீட்டில் லேசான பயிற்சி செய்தது. எட்டு மாதத்தில் எடை தூக்கியவர்களின் இடுப்பு முதுகெலும்பில் அடர்த்தி கூடியிருந்தது, மற்றவர்களுக்குக் குறைந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே சிலிண்டரைத் தூக்க வேண்டாம். அந்தப் பெண்களுக்கு ஒவ்வொரு அசைவையும் சொல்லிக்கொடுத்து, படிப்படியாக ஏற்றினார்கள். நாம் தொடங்க வேண்டிய இடம் நாற்காலி. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துத் தடவை. சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால். படிக்கட்டு. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டைக் கையில் பிடித்துத் தலைக்கு மேல் தூக்குவது. சுலபமாகிவிட்டது என்று தோன்றும் வாரத்தில் எடையையோ எண்ணிக்கையையோ கூட்ட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், ஒரு வருடம் கழித்தும் அதே பாட்டில். பக்கத்தில் நல்ல ஜிம்மும் பெண் பயிற்சியாளரும் கிடைத்தால் கூச்சப்படாமல் போகலாம், சுடிதார் போட்டுக்கொண்டு ஸ்குவாட் செய்யக் கூடாது என்று சட்டமில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போன்ற உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி.

"வீட்டு வேலையே போதாதா?" என்று கேட்பார்கள். கிணற்றில் நீர் இறைத்து, அம்மியில் அரைத்து, உரலில் இடித்த காலத்தில் ஓரளவு போதுமாக இருந்திருக்கலாம். மிக்ஸியும் மோட்டாரும் வந்தபிறகு வீட்டு வேலையில் மிஞ்சியிருப்பது களைப்பு. பாரம் போய்விட்டது.

யோகா செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எலும்பின் அடர்த்தி ஏற்கெனவே ரொம்பக் குறைந்துவிட்டது என்று, அதை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் தெரிந்திருந்தால், முன்னால் மடங்கிக் குனியும் ஆசனங்களும் தலைகீழ் ஆசனங்களும் முதுகெலும்புக்கு ஆபத்து. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒற்றைக்காலில் நிற்கும் விருட்சாசனம் மாதிரியானவை, சுவர்ப் பக்கத்தில் நின்று செய்தால், தடுமாறி விழாமல் இருக்கப் பழக்கும். விழாமல் இருப்பதும் எலும்பைக் காப்பதுதான். வழவழப்பான டைல்ஸ் போட்ட பாத்ரூமில் ஒரு கைப்பிடியும், ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கும் ஐநூறு, ஆயிரம் ரூபாயில் முடிகிற வேலை.

தட்டில் என்ன இருக்கிறது?

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. பெரிய எண்ணாகத் தெரியும். கூட்டிப் பார்த்தால் நம் சமையலிலேயே கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது, இரண்டு கேழ்வரகு தோசைக்கு 60 கிராம் மாவு என்றால் 200. பாலும் தயிரும் மோருமாக நாள் முழுதும் இரண்டு டம்ளர், ஏறக்குறைய 450. ஒரு மேசைக்கரண்டி எள் 100க்கு மேல். முருங்கைக்கீரை 70, 80 கிராம் போட்டுப் பொரியல் செய்தால் இன்னொரு 200, 300. மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நெத்திலியை முள்ளோடு மென்று சாப்பிடுவது சுலபமான வழி. பசலைக்கீரையில் கால்சியம் இருந்தும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்ஸலேட் என்ற பொருளும் கூடவே இருப்பதால் உடம்பு கொஞ்சமே எடுத்துக்கொள்ளும்.

மாத்திரையாகவே எடுக்க வேண்டியிருந்தால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு நன்றாக உறிஞ்சாது, பிரித்து எடுக்க வேண்டும். கடைகளில் அதிகம் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் வகையைச் சாப்பாட்டோடு போடலாம். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் கால்சியத்தை நாலு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும். இல்லையென்றால் தைராய்டு மாத்திரை வீணாகும். டாக்டர் ஏன் டோஸைக் கூட்டிக்கொண்டே போகிறார் என்று குழம்பிக்கொண்டிருப்பீர்கள்.

வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது. இவ்வளவு வெயில் அடிக்கும் ஊரில் பற்றாக்குறை சாதாரணமாக இருப்பதற்குக் காரணம் எளிது: நாம் வெயிலில் நிற்பதில்லை, நின்றாலும் மூடிக்கொண்டு நிற்கிறோம், கறுத்த தோலுக்கு நேரமும் அதிகம் வேண்டும். பரிசோதித்துக் குறைவு என்றால் டாக்டர் 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதித் தருவார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் தாங்களே வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின் டி கொழுப்பில் தங்கும், அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புரதம்தான் நம் தட்டில் பெரிய ஓட்டை. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்குக் குறைந்தது 50 கிராம் வேண்டும், தசையைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. காலையில் மூன்று இட்லி, மதியம் சாதமும் ரசமும் ஒரு பொரியலும், ராத்திரி மிச்சமிருக்கும் உப்புமா. இதில் எங்கே இருக்கிறது 50 கிராம்? மீன் குழம்பு வைத்த நாளில்கூட எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் இருக்கும் குழம்பைத்தான் அம்மா ஊற்றிக்கொள்கிறாள். மெனோபாஸ் வயதில் மாற்ற வேண்டிய ஒரே ஒரு பழக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், உங்கள் துண்டை முதலிலேயே எடுத்து வையுங்கள். இரண்டு முட்டையில் 12 கிராம், 100 கிராம் மீனில் 20, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10. சாம்பாரில் பருப்பு தெரிகிற அளவுக்குக் கெட்டியாக வைப்பதும் கணக்கில் சேரும்.

சோயாவைப் பற்றிக் கேட்பார்கள். அதிலுள்ள ஐசோஃப்ளேவோன் ஈஸ்ட்ரோஜனைப் போல லேசாக வேலை செய்யும், சிலருக்கு ஹாட் ஃப்ளாஷ் கொஞ்சம் குறைகிறது, பலருக்கு இல்லை. டோஃபுவோ சோயா உருண்டைக் குழம்போ புரதத்துக்காகச் சாப்பிடலாம். பெண்களுக்கு என்றே விலை உயர்ந்த டப்பாவில் வரும் பொடிகளுக்கும், ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரைக்கும் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் காசுக்கு மீன் வாங்கலாம்.

வயிற்றுச் சுற்றளவு கூடுவதை எல்லாரும் கவனிக்கிறார்கள். தொடையிலும் இடுப்பிலும் தங்கிய கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் வயிற்றுக்குள் சேரத் தொடங்குகிறது. புடவை கட்டும்போது தெரிகிற அந்த மாற்றத்தோடு, கெட்ட கொலஸ்ட்ராலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கூடவே ஏறுகின்றன. மாதவிடாய் இருந்தவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த மாரடைப்பு அபாயம் இதற்குப் பிறகு நெருங்கி வருகிறது. வருடம் ஒருமுறை இவற்றைப் பார்த்துவிடுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷரும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள், "எனக்கு ஒன்றுமில்லை, அவருக்குப் பாருங்கள்" என்று கணவரை முன்னால் தள்ளாமல் கையை நீட்டுங்கள்.

தூக்கம், மனசு

ராத்திரி வேர்வையால் எழுந்தால் பகலில் எரிச்சல் வருவதில் அதிசயமில்லை. ஆனால் எல்லாத் தூக்கக் கேடும் வேர்வையால் வருவதில்லை. மூன்று மணிக்கு விழிப்பு வந்து, கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வரை யோசித்துக்கொண்டு படுத்திருப்பதும் உண்டு. தூக்கம் வந்த நேரம் எதுவானாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுவது, மாலை நாலு மணிக்கு மேல் காபி டீ வேண்டாம் என்பது, மதியத் தூக்கத்தை அரை மணியோடு நிறுத்துவது, இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்கார்வது, இவற்றை மூன்று நாலு வாரம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். குறட்டை புதிதாகத் தொடங்கியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இந்த வயதுக்குப் பிறகு பெண்களிடம் கூடுகிறது.

பேரை மறப்பது, ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பது, இதெல்லாம் பயமுறுத்தும். இடைக்காலத்தில் இது வருவது வழக்கம், பெரும்பாலும் பிறகு தெளிந்துவிடும். மனச்சோர்வு வேறு. முன்பு பிடித்ததெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் பிடிக்காமல் போனால், அழுகை நிற்கவில்லை என்றால், இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால், அதைக் "குணம் மாறிவிட்டது" என்று வீட்டில் விட்டுவிடக் கூடாது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

யாரிடமும் சொல்லாதவை

ஹாட் ஃப்ளாஷ் காலப்போக்கில் குறையும். பிறப்புறுப்பு வறட்சி அப்படி அல்ல, கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் அங்குள்ள தோல் மெலிகிறது, ஈரம் குறைகிறது. உறவின்போது வலி, எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, இருமினால் தும்மினால் சொட்டு விடுவது எல்லாம் இதோடு சேர்ந்தவை. கணவரிடம் வலி என்று சொல்லாமல் விலகிப் படுப்பவர்கள் எத்தனையோ பேர், அவரும் கோபம் என்று நினைத்துக்கொள்வார்.

சோப்பு, டெட்டால், வாசனைத் திரவம் எதுவும் அங்கே வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் நீர் கலந்த வழுக்கும் ஜெல் உறவின்போது உதவும். போதவில்லை என்றால் மகப்பேறு மருத்துவர் எழுதித் தரும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது. அது பூசிய இடத்தில் வேலை செய்வது, ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதும் இதில் குறையும்.

சொட்டு விடுவதற்கு இடுப்புத்தளப் பயிற்சி, அதாவது கீகல். சிறுநீரை அடக்குவது போன்ற அந்தத் தசையைச் சுருக்கி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே செய்யலாம், யாருக்கும் தெரியாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும். டாய்லெட் கிடைக்காது என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இந்த வயதில் கர்ப்பம் தரிக்காது என்ற நம்பிக்கை தவறு. 50 வயதுக்கு முன்பு மாதவிடாய் நின்றவர்களுக்கு இரண்டு ஆண்டும், 50க்குப் பிறகு நின்றவர்களுக்கு ஓர் ஆண்டும் கருத்தடை தேவை. குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கர்ப்பப்பையை எடுத்தவர்கள்

"பிள்ளை பெற்றாச்சு, இனி அது எதற்கு, எடுத்துவிடலாம்" என்று ரத்தப்போக்குக்கும் சின்னக் கட்டிக்கும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நம் நாட்டில் அதிகம். ஆந்திரா, தெலங்கானா மாநிலங்களில் அது மிக அதிகம் என்று தேசியக் கணக்கெடுப்புகள் காட்டின. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் இது நடந்த விதம் 2019இல் நாடறிய விவாதமானது. ஆபரேஷன் தேவைப்படும் நேரங்கள் உண்டு. ஆனால் அதற்கு முன் மாத்திரை, ஹார்மோன் பூசிய காப்பர் டி போன்ற சாதனம் என்று வழிகள் உண்டா என்று கேட்க வேண்டும், இன்னொரு டாக்டரிடமும் கேட்கலாம்.

ஆபரேஷன் ஆனவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? கர்ப்பப்பையை மட்டும் எடுத்திருந்தால் மாதவிடாய் வராது, ஆனால் மெனோபாஸ் ஆகிவிடவில்லை. அது பின்னால் வரும், சிலருக்குக் கொஞ்சம் முன்கூட்டியே. இரண்டு சினைப்பையையும் எடுத்திருந்தால் அன்றைக்கே மெனோபாஸ். படிப்படியாக வர வேண்டியது ஒரே நாளில் வருவதால் வேர்வையும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். 38 வயதில் இது நடந்திருந்தால் எலும்பு, இதயம் பற்றிய எல்லாமே பத்து வருடம் முன்னால் தொடங்குகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள், அதில் எழுதியிருக்கும். புரியவில்லை என்றால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை பற்றிய பயம்

"ஹார்மோன் மாத்திரை போட்டால் கேன்சர் வரும்" என்பது எப்படிப் பரவியது? அமெரிக்காவில் டபிள்யூஎச்ஐ என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதியை 2002இல் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும், புரொஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் புரொஜெஸ்டின் மருந்தும் சேர்த்து எடுத்த பெண்களில், பத்தாயிரம் பேருக்கு ஓர் ஆண்டில் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. செய்தி உலகம் முழுதும் தலைப்பானது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பது தலைப்பில் வரவில்லை. கர்ப்பப்பை எடுத்து ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் பலரைச் சேரவில்லை.

இன்றைய நிலைப்பாடு இதுதான்: 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத, வேறு தடையில்லாத பெண்ணுக்கு ஹாட் ஃப்ளாஷ் வாழ்க்கையைக் கெடுக்கிறது என்றால் ஹார்மோன் சிகிச்சைதான் எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருவது, பெரும்பாலும் நன்மையே மிஞ்சும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் ரத்தம் உறைந்தது, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவை வந்தவர்களுக்குப் பொதுவாக இது ஆகாது. கர்ப்பப்பை உள்ளவர்கள் இந்தச் சிகிச்சையில் புரொஜெஸ்டின் வகை மருந்து சேர்க்காமல் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக் கூடாது. ஹார்மோன் கூடாதவர்களுக்கு வேறு மாத்திரைகள் உண்டு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சிலவற்றைக் குறைந்த அளவில் கொடுப்பது அதில் ஒன்று. யாருக்கு எது என்பது டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. பக்கத்து வீட்டு அக்கா போடும் மாத்திரையை வாங்கிப் போடுவது வேண்டாம்.

எதற்கெல்லாம் காத்திருக்கக் கூடாது?

12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே போக வேண்டும். பலருக்கு வறட்சியாலோ சின்னச் சதை வளர்ச்சியாலோ வந்ததாக இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் இதுதான், அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். "திரும்பவும் வந்துவிட்டது, உடம்பில் தெம்பு இருக்கிறது" என்று சிலர் மகிழ்ந்து சொல்வதைக் கேட்டால் பதறுகிறது.

இடைக்காலத்தில் மணிக்கொரு நாப்கின் மாற்றும் அளவு போக்கு, கட்டி கட்டியாகப் போவது, ஒரு வாரத்துக்கு மேல் நீடிப்பது, உறவுக்குப் பின் ரத்தம், இவையும் அப்படியே. மாதவிடாய் நின்றபிறகும் ரத்தசோகை இருந்தால், ரத்தம் வேறெங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மார்பில் கட்டி, நெஞ்சில் அழுத்தம், நடந்தால் மூச்சு வாங்குவது எதையும் மெனோபாஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். மார்பகத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பரிசோதனை உண்டு.

டாக்டரிடம் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஐந்து நிமிடம்தான் கிடைக்கும், உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். காலண்டரில் இரண்டு மாதத்துக்குக் குறித்து வையுங்கள்: மாதவிடாய் வந்த தேதி, எத்தனை நாள் போனது, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், ஹாட் ஃப்ளாஷ் நாளுக்கு எத்தனை. போட்டுக்கொண்டிருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய், இடுப்பெலும்பு முறிவு இருந்ததா என்று முதலிலேயே வீட்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர் அதைக் கட்டாயம் கேட்பார்.